புளியாரை: புளிப்பை அறிந்து பயன்படுத்தும் முறை

மாரி மழை இரண்டு மூன்று தடவை பெய்து ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்து வளவுகளில் யாரும் விதைக்காமலே தலைகாட்டும் பூண்டுகளில் புளியாரையும் ஒன்று. கிணற்றடிச் சீமெந்துக் கட்டின் வெடிப்பிலும், வாழைப்பாத்தியின் வரம்பிலும், பூச்சாடிகளின் ஓரத்திலும் அது தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். பெரும்பாலானோர் அதைக் களை என்று பிடுங்கி எறிவார்கள். சிலர் மட்டும் ஒரு பிடி பறித்துச் சம்பல் அரைப்பார்கள். சம்பல் அரைப்பவர்களிலும் அதன் புளிப்பு எதனால் வருகிறது என்று அறிந்து அரைப்பவர்கள் குறைவு. அது ஒட்சாலிக்கமிலத்தால் வரும் புளிப்பு. அந்த அமிலம் கல்சியத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு கரையாத உப்பாக மாறிவிடும் இயல்புடையது. அந்தச் சந்திப்பு சட்டியிலோ குடலிலோ நடந்தால் நமக்குத் தீங்கில்லை. சிறுநீரகத்தில் நடந்தால் அதுவே கல்லாகும். புளியாரையைப் பறிப்பது, அவிப்பது, எதனோடு சேர்த்து உண்பது, எந்தப் பாத்திரத்தைத் தவிர்ப்பது என்பன எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். பெயரிலேயே பாதி அடையாளம் இருக்கிறது. ஆரை என்பது குளக்கரையிலும் வயலோரச் சேற்றிலும் வளர்கின்ற, நான்கு சிற்றிலைகள் கொண்ட கீரை; அது பன்னக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் பூப்பதே இல்லை. புளியாரைக்கு மூன்றே சிற்றிலைகள். ஒவ்வொன்றும் நுனியில் பிளவுபட்டு, படங்களில் வரையப்படும் இதயம் போலிருக்கும். இதயத்தின் கூரிய முனைகள் மூன்றும் காம்பில் வந்து சேரும். பொழுது படும்போது மூன்று சிற்றிலைகளும் குடை மடிவது போலக் கீழ்நோக்கி மடிந்துவிடும் என்பதால், இதைக் காலையில் தேடுவதே நல்லது. பூ மஞ்சள் நிறமானது, ஐந்து இதழ்களைக் கொண்டது, சட்டைப் பொத்தானிலும் சிறியது. காயைப் பார்த்தால் ஐயம் எல்லாம் தீர்ந்துவிடும்: ஒன்றரைச் சதமமீற்றர் அளவில், ஐந்து விளிம்புகளோடு, காம்பில் நிமிர்ந்து நிற்கும் குட்டி வெண்டிக்காய் அது. முற்றிய காயை விரல்களுக்கு இடையே மெல்ல அழுத்தினால் விதைகள் படபடவென்று தெறித்து முகத்தில் கூட அடிக்கும். சிறுவர்களுக்கு இது நல்ல விளையாட்டு. தோட்டக்காரருக்கு இதுவே தலையிடி.

புளியாரையோடு மாறாட்டம் செய்யக்கூடிய செடி சிறுபுள்ளடி. அதற்கும் மூன்று சிற்றிலைகள், அதுவும் புல்தரையில் தாழப் படரும். ஆனால் அதன் பூ அவரைப் பூவின் அமைப்பில், ஊதா கலந்த நிறத்தில் இருக்கும். காய் கணுக்கணுவான தட்டையான நெற்று. இலையில் புளிப்பு என்பது மருந்துக்கும் இராது. இலை, பூ, காய் ஆகிய மூன்றையும் பார்த்து உறுதிசெய்த பின்னரே ஓர் இலையை வாயில் இட்டுப் பார்க்க வேண்டும். அறியாத செடியை நாக்கினால் சோதிக்கும் பழக்கம் கூடாது.

தாவரவியலில் புளியாரை ‘ஒட்சாலிசு’ என்னும் சாதியைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் கூர்மையையும் புளிப்பையும் ஒருங்கே குறிக்கும் ‘ஒட்சிசு’ என்ற சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. தமிழன் ஆரையோடு புளியைச் சேர்த்துப் பெயரிட்டான், கிரேக்கனும் நாவில் பட்டதையே பெயராக்கினான். லின்னேயசு 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நமது புளியாரைக்கு ‘ஒட்சாலிசு கோர்னிக்குலாற்றா’ என்று பெயரிட்டார். இரண்டாம் சொல்லுக்குச் சிறு கொம்புகளை உடையது என்று பொருள், அது காயைக் குறித்தது. இந்தச் சாதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்தீசு மலைவாழ் மக்கள் கிழங்குக்காகப் பயிரிடும் ‘ஓக்கா’வும் அவற்றுள் ஒன்று. பிலிம்பிக்காயும் காமரங்காயும் சாதியால் வேறாயினும் குடும்பத்தால் இதற்கு உறவினர்; அவற்றின் புளிப்பிலும் ஒட்சாலிக்கமிலத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

அமிலத்துக்குப் பெயர் வந்தது இந்தச் சாதியிலிருந்தேயாகும். ஐரோப்பியக் காடுகளில் வளரும் வெள்ளைப் பூப் புளியாரையின் சாற்றைக் காய்ச்சி எடுத்த உப்பு அங்கே முன்பே புழக்கத்தில் இருந்தது. அந்த உப்பிலிருந்து 1773இல் சுவிற்சர்லாந்தின் பிரிபோர்க்கைச் சேர்ந்த சவாரி என்பவர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1776இல் சுவீடனில் ஷீலேயும் பேர்க்மனும் சீனியைச் செறிந்த நைத்திரிக்கமிலத்தோடு தாக்கமுறச் செய்து ஓர் அமிலத்தைப் பெற்று, அதைச் சீனி அமிலம் என்று அழைத்தனர். செடியிலிருந்து வந்ததும் சீனியிலிருந்து வந்ததும் ஒன்றே என்பதை 1784அளவில் ஷீலே காட்டினார். 1787இல் லவோசியேயும் அவரது தோழர்களும் இரசாயனப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது ஒட்சாலிக்கமிலம் என்ற பெயர் நிலைத்தது. 1824இல் வோலர் என்ற இரசாயனவியலாளர் இதையே உயிர்ப்பொருள் எதுவும் இன்றி, காபனும் நைதரசனும் சேர்ந்த வாயுவான சயனசனிலிருந்து தயாரித்தார். உயிரினங்கள் மட்டுமே ஆக்கவல்லவை என்று நம்பப்பட்ட பொருளொன்று சோதனைக்கூடத்தில் உருவானதற்கு இது மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. நம்மூரில் உயர்தரத்தில் இரசாயனவியல் கற்றவர்களுக்கு இந்த அமிலம் வேறொரு வகையில் நினைவிருக்கும்: சூடாக்கிய ஒட்சாலிக்கமிலக் கரைசலில் அளவியிலிருந்து பொற்றாசியம் பேர்மங்கனேற்றைத் துளிதுளியாக விடும்போது, முதல் துளிகளின் ஊதா நிறம் போக மறுத்து அடம்பிடிக்கும், பிறகு விட்ட கணமே மறைந்துகொண்டிருக்கும்.

சமைப்பதற்கு முன்னர் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கும்படி வற்புறுத்துவேன், ஏனெனில் அதைக் கண்ணால் கண்டவருக்கு மற்றவற்றை விளக்க வேண்டியதில்லை. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பில் கடலையளவு எடுத்து ஒரு கண்ணாடிக் குவளை நீரில் கலக்கி, ஒரு மணித்தியாலம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் வேறொரு குவளைக்கு மெதுவாக வார்த்துக்கொள்ளுங்கள். கையும் கண்ணும் கவனம். இரண்டு பிடி புளியாரையைச் சிறிதளவு நீரில் ஐந்து நிமிடம் அவித்து, ஆறிய பின் மெல்லிய துணியால் இரண்டு தடவை வடித்தால் வெளிறிய பழுப்புப் பச்சை நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். அந்தச் சாற்றில் சுண்ணாம்புத் தெளிநீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக்கொண்டு வந்தால், முதலில் விளிம்பில் ஒரு புகை போலத் தோன்றி, பிறகு குவளை முழுவதும் மங்கி, அரை மணித்தியாலத்தில் அடியில் வெளிறிய மாவு படியும். அந்த மாவில் பெரும்பகுதி, ஒட்சாலிக்கமிலமும் கல்சியமும் சேர்ந்த உப்பான கல்சியம் ஒட்சலேற்று. மேல் நீரை ஊற்றிவிட்டு அதில் வினாகிரியை விட்டுப் பாருங்கள்; அது அசைந்து கொடுக்காது. கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவில் ஒரு துணுக்கைச் சுரண்டி அதே வினாகிரியில் போட்டால் நுரைத்துக் கரைந்து போகும், ஏனெனில் அது கல்சியம் காபனேற்று. இரண்டிலும் இருப்பது நம் குடாநாட்டுச் சுண்ணக்கல்லின் கல்சியமே, ஆனால் ஒட்சாலிக்கமிலத்தின் பிடியில் அகப்பட்டது இலகுவில் விடுபடாது. சோதனைக்குப் பயன்பட்ட சாற்றையும் குவளையையும் உணவோடு சேர்க்காமல் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

பறிப்பதற்கு இடம் தேர்வது முக்கியம். வெங்காயத் தோட்டத்து வரம்பிலும் புகையிலைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் புளியாரை செழித்து நிற்கும். அங்கே மருந்து அடிப்பார்கள் என்பதால் அந்தச் செழிப்பில் மயங்கக்கூடாது. தெருவோரமும் நாய் புழங்கும் இடமும் வேண்டாம். சொந்த வளவில், கிணற்றடி ஈரம் படும் பகுதியில் வளர்ந்ததே போதும். பூ விரிந்து காய் முற்றாத பருவத்தில், நுனியிலிருந்து விரல் நீளத்துக்குக் கிள்ளி எடுத்தால் இலை மென்மையாக இருக்கும். வேரோடு பிடுங்கினால் மண் ஒட்டிக்கொண்டு வரும், கழுவுவதற்குள் பொறுமை போய்விடும். கிள்ளியதை அகன்ற பாத்திரத்தில் நீர் விட்டு, மூன்று முறை நீர் மாற்றி அலச வேண்டும். இலையின் அடிப்புறத்தில் செம்மண் துகள் மறைந்திருக்கும்.

சமைக்கும் பாத்திரம் மண்சட்டியாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் கூடாது. ஒரு முறை அவசரத்தில் அலுமினியச் சட்டியில் புளியாரைத் துவையலை வதக்கி, மிச்சத்தை அதிலேயே இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் துவையல் இருந்த இடம் மட்டும் புதுச் சட்டி போலப் பளபளத்தது. துவையலை நாவில் வைத்தால் ஆணியை நக்கியது போன்ற சுவை. சட்டியின் மேற்படலம் எங்கே போயிற்று என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அன்று அதைக் கொட்டியதோடு அந்தச் சட்டியில் புளி சேர்ந்த எதையும் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

சம்பலுக்கு இருவர் உண்ணும் அளவில் ஒரு பிடி இலை போதும். மண்சட்டியில் நான்கைந்து செத்தல் மிளகாயைப் பொரித்து எடுத்து, அந்தச் சூட்டிலேயே இலையைப் போட்டு நிறம் மாறும் வரை மட்டும் வதக்க வேண்டும். அது ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. ஆறிய பின் மிளகாய், உப்பு, ஐந்தாறு சின்ன வெங்காயம், அரை மூடித் தேங்காய்ப்பூ ஆகியவற்றோடு அம்மியில் வைத்து, தேங்காயின் சொரசொரப்பு முற்றாகப் போகாதபடி அரைக்க வேண்டும். தேசிக்காயோ பழப்புளியோ சேர்க்கக்கூடாது. புளியின் மேல் புளி வைப்பவளுக்குச் சமையல் தெரியாது என்பது என் அப்பாச்சியின் தீர்ப்பு. இரசாயனத்தின் வழியிலும் அதில் நியாயம் இருக்கிறது. தேசிக்காயின் புளிப்புச் சித்திரிக்கமிலம், பழப்புளியின் புளிப்புத் தாத்தாரிக்கமிலம், புளியாரையின் புளிப்பு ஒட்சாலிக்கமிலம். மூன்றும் நாவுக்கு ஒன்று போலப் பட்டாலும் உடலுக்குள் அவற்றின் வழிகள் வேறு. முதல் இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்திப் பழகிய கை, மூன்றாவதில் அதே தாராளத்தைக் காட்டக்கூடாது.

இந்தச் சம்பலில் அமிலம் அப்படியே இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. எப்போதாவது ஒரு நாள் சோற்றின் ஓரத்தில் இரண்டு கரண்டி உண்பதற்கு நலமுள்ள ஒருவர் அஞ்ச வேண்டியதில்லை. அடிக்கடி உண்ண விரும்புவோர் இலையை முதலில் அவித்து நீரை வடித்துவிட வேண்டும். செடியிலுள்ள ஒட்சாலிக்கமிலத்தில் ஒரு பகுதி பொற்றாசியத்தோடு சேர்ந்த, நீரில் கரையும் உப்பாக இருப்பதால் அது வடிநீரோடு போய்விடும். நிறைய நீரில் மூன்று நான்கு நிமிடம் திறந்த சட்டியில் கொதிக்கவைத்து, நீரைக் கொட்டி, இலையைப் பிழிந்து எடுப்பதே முறை. புளிப்பில் கணிசமான பங்கு குறைந்துவிடும். சம்பல் விரும்பிகள் முகம் சுளிப்பார்கள். குறைந்த நீரில் அவித்து அந்த நீரையும் சொதியில் சேர்த்துக்கொள்வோர் அவித்ததால் எந்தப் பயனும் பெறுவதில்லை.

நான் பெரிதும் பரிந்துரைப்பது தயிர்ப் பச்சடியையே. அவித்துப் பிழிந்த இலையைச் சிறிதாக அரிந்து, ஒரு பச்சை மிளகாய், இரண்டு சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து, கெட்டித் தயிர் இருநூறு கிராமோடு கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தொண்ணூறு மில்லிகிராம் ஒட்சாலிக்கமிலத்தைக் கட்டிப்போடுவதற்கு நாற்பது மில்லிகிராம் கல்சியம் தேவை. நூறு கிராம் தயிரில் ஏறத்தாழ நூற்றிருபது மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. சட்டியிலும் குடலிலும் அமிலம் கல்சியத்தோடு சேர்ந்துவிட்டால், கரையாத அந்த உப்பில் பெரும்பகுதி உடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறும். சொதியும் வெண்மையாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தேங்காய்ப்பாலில் கல்சியம் சொற்பம். வெண்மையைப் பார்த்து ஏமாறாமல், சொதி வைப்பவர் முள்ளோடு மென்று உண்ணக்கூடிய நெத்தலியை அதில் சேர்த்துக்கொள்வது பொருத்தம்.

சிறுநீரகக் கல் ஒரு முறை வந்தவர்களும், சிறுநீரகம் பலவீனமானவர்களும் புளியாரையை விட்டுவிட வேண்டும். இதில் பக்குவம், அளவு என்ற பேச்சுக்கு இடமில்லை. சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மையானவை கல்சியம் ஒட்சலேற்றினால் ஆனவை. காமரங்காயும் பிலிம்பிக்காயும் சாறாகப் பிழிந்து குடிக்கப்பட்டுச் சிறுநீரகத்தைத் திடீரெனப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே புளியாரையையும் ‘மூலிகை’ என்ற பெயரில் வெறும் வயிற்றில் சாறாகக் குடிக்கும் வேலை யாருக்கும் வேண்டாம். கல் வந்தது கல்சியத்தால் என்று கேள்விப்பட்டுப் பாலையும் தயிரையும் நிறுத்துவோரை ஊரில் அடிக்கடி காண்கிறேன். உணவில் கல்சியம் குறைந்தால் குடலில் ஒட்சலேற்றைப் பிடித்துவைக்க ஆளில்லாமல் போய், அது கூடுதலாக இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வருகிறது. எதை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். முளைக்கீரையிலும் ஒட்சலேற்று நிறைய உண்டு என்பதால், அதையும் புளியாரையையும் ஒரே நாள் சாப்பாட்டில் சேர்க்காமல் விடுவது நன்று.

உண்ணத் தகாத முற்றிய இலைகளும் தண்டுகளும் பித்தளை துலக்க உதவும். ஒரு பிடியைக் கசக்கி, சிறிது உப்போடு குத்துவிளக்கின் தட்டில் தேய்த்தால் கறுப்பும் பச்சையும் கழன்று மஞ்சள் எழும். பழப்புளியால் செய்கின்ற அதே வேலைதான், ஆனால் கொஞ்சம் சுறுக்காக நடக்கும். தேய்த்ததை அப்படியே விடாமல் நிறைய நீரில் கழுவி, உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிட வேண்டும். அமிலம் மிஞ்சினால் இரண்டு நாளில் முன்னையிலும் மோசமாகக் கறுக்கும்.

துருக்கறைக்கு இலை போதாது. மரத் தளபாடக்காரர்கள் பயன்படுத்தும் ஒட்சாலிக்கமிலப் பளிங்குகள் இரும்புக்கடைகளில் கிடைக்கின்றன. துருவிலுள்ள இரும்பை இந்த அமிலம் நீரில் கரையும் சேர்வையாக மாற்றுவதால், அழுத்தித் தேய்க்காமலே கறை கரைந்து வரும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் முப்பது கிராம் பளிங்கைக் கரைத்து, பிளாஸ்ரிக் வாளியில் துருப்பிடித்த பூட்டையோ அரிவாள் அலகையோ சில மணித்தியாலம் ஊறவிட்டு, பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி வைக்கலாம். இலையில் இருப்பதும் இதே அமிலம் என்பதால் பளிங்கை இலகுவாக எண்ணிவிடக்கூடாது, செறிவில் அது நஞ்சு. கையுறை கட்டாயம், தூளை முகர்வதோ மூடிய அறையில் கையாள்வதோ ஆகாது, பார்வைக்குச் சீனியைப் போன்றிருப்பதால் குசினிக்குள் அதை ஒருபோதும் கொண்டுவரக்கூடாது, போத்தலின் மேல் பெயரைப் பெரிதாக எழுதி உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். கிணறு இறைத்துப் போடும் புளீச்சிங் தூளோடு இது கலந்தால் குளோரீன் வாயு எழும் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் கூட வைக்க வேண்டாம். தவறி வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலோடு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

செடியே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். புளியாரையின் தண்டு தரையைத் தொடும் கணுதோறும் வேர்விடும். மேலே இழுத்து அறுத்தால் விட்ட துண்டெல்லாம் தனிச்செடியாகும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, கத்தி முனையால் நடுவேரைக் கெல்லி முழுக்கொடியையும் சுருட்டி எடுக்க வேண்டும். காய்கள் மஞ்சளிக்கத் தொடங்கும் முன்னரே இதைச் செய்ய வேண்டும், பிந்தினால் கை பட்டதுமே காய்கள் வெடித்து விதையைப் பாத்தி முழுக்க இறைத்துவிடும். பிடுங்கியதை ஆட்டுக்குக் கூடை கூடையாகக் கொட்டாமல், வேறு குழையோடு கலந்து சிறிதளவே போடுங்கள். மீதியை வெயிலில் காயவிட்டுக் குப்பைக் கிடங்கில் தாழ்த்துவிடலாம்.